மலிவான தாவரப் படிப்பு எது? ஒட்டுக்கன்று கட்டும் வீட்டின் கணக்கு நோட்டு

நோட்டின் முதல் பக்கத்தில் போட்ட கணக்கு தவறானது. அது தவறு என்று புரிய எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரங்களில் நடந்ததையும் பிறகு நடந்ததையும் இங்கே எழுதுகிறேன். மாணவியின் பெயரையும் ஊரின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். போச்சம்பள்ளி வட்டம், சந்தூர் பக்கம் என்பது போதும். அந்தப் பக்கம் என்றாலே மா ஒட்டுக்கன்று என்று கிருஷ்ணகிரிக்காரர்களுக்குத் தெரியும்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் எடுப்பவள். என் சார்பையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நல்ல மாணவி கிடைத்தால் தாவரவியலுக்கே அனுப்ப வேண்டும் என்ற ஆசை எனக்கு எப்போதும் உண்டு. இந்த ஆய்வில் அந்த ஆசை இரண்டு இடத்தில் குறுக்கே வந்தது.

2024 மே 6 அன்று பிளஸ் டூ முடிவு வெளியானது. அந்தப் பிள்ளை இயற்பியலில் 71, வேதியியலில் 78, தாவரவியலில் 92, விலங்கியலில் 89. மறுநாள் மாலை அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா திண்ணைக்கு எதிரே, தென்னங்கீற்று நிழலில் உட்கார்ந்து ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். பென்சில் கனத்தில் இருந்த நாட்டு மாங்கன்றின் தலையைச் சீவினார். நடுவில் கத்தியை இறக்கிப் பிளந்தார். ஈரச் சாக்கிலிருந்து பெங்களூரா என்ற மா ரகத்தின் குச்சி ஒன்றை எடுத்து, அடியை ஆப்பு மாதிரி இரண்டு இழுப்பில் சீவிப் பிளவில் செருகி மகளிடம் நீட்டினார். அவள் பாலித்தீன் நாடாவைக் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டு, குச்சி ஐஸ் அடைக்கும் மெல்லிய உறையை மேலே கவிழ்த்துக் கட்டினாள். ஒரு கன்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குச்சி எடுக்கும் கிளையில் பத்து நாளைக்கு முன்பே இலைகளைக் கிள்ளிவிட வேண்டும், அப்போதுதான் மொட்டு திரண்டு நிற்கும் என்று நான் கேட்காமலேயே சொன்னாள். அதுவரை வேர்க்கட்டை, ஒட்டுத்தண்டு, கேம்பியம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தவள் நான். அவள் தேர்வில் அதையெல்லாம் சரியாக எழுதியதில் வியப்பில்லை.

“செடி சம்பந்தமாகத்தான் படிப்பேன் என்கிறாள், டீச்சர். எது குறைந்த செலவில் முடியும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றார் அப்பா. அந்தக் கோடையில் வெயில் மாவைப் பதம் பார்த்திருந்தது. விளைச்சல் இல்லாத ஆண்டில் புதிதாகக் கன்று நடவும் ஆள் வருவதில்லை. ஆகவே ‘குறைந்த செலவு’ என்று அவர் சொன்னது பேச்சுக்குச் சொன்னதாக எனக்குப் படவில்லை.

முதல் பக்கம்

நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து நெடுக்காகக் கோடு போட்டோம். எங்களுக்குத் தெரிந்த வழிகளை ஒவ்வொரு பத்தியிலும் எழுதினாள். அரசு கலைக் கல்லூரியில் மூன்றாண்டு பி.எஸ்சி. தாவரவியல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியில் நான்காண்டு பி.எஸ்சி. தோட்டக்கலை அல்லது வேளாண்மை. அதே பட்டம், ஆனால் பல்கலைக்கழகத்தோடு இணைந்த சுயநிதிக் கல்லூரியில். வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் வேளாண்மை. இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு. கடைசியில், அவளுடைய மாமா போனில் சொன்னதால், தபால் வழியில் வேளாண்மை.

கடைசிப் பத்தியை அன்றே அடித்துவிட்டோம். வேளாண்மை, தோட்டக்கலைப் பட்டங்களைத் தொலைதூர வழியிலோ இணைய வழியிலோ நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதிப்பதில்லை. யாராவது அப்படி ஒரு பட்டம் தருவதாகச் சொன்னால் விசாரிக்கவே வேண்டியதில்லை.

மீதி ஐந்திலும் ஆண்டுக் கட்டணத்தை ஆண்டுகளால் பெருக்கினோம். தாவரவியல் வெகு தூரம் முன்னால் நின்றது. அரசு கலைக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. சிறப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும்தான். விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் இருக்கிறது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்தே டிக்கெட் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போனால், கல்லூரிக்குப் போய்வந்து கையில் கொஞ்சம் மிஞ்சவும் செய்யும்.

எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி. நான் நினைத்ததே விடையாக வந்துவிட்டது. நோட்டை மூடி வைத்து ‘தாவரவியலே போதும்’ என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். அவள் அம்மா கேட்ட ஒரு கேள்விதான் நிறுத்தியது: “இதைப் படித்து முடித்தால் இவள் என்ன ஆகலாம், டீச்சர்?”

பின்னாலிருந்து வாசித்தது

ஆசிரியராகலாம் என்றேன். எத்தனை ஆண்டு என்று கேட்டார். விரல் விட்டு எண்ணினேன். பி.எஸ்சி. மூன்று, பி.எட். இரண்டு, அதன் பின் தகுதித் தேர்வு. பட்டதாரி ஆசிரியராக வரவே ஐந்து ஆண்டு போய்விடும். என்னைப் போல முதுகலை ஆசிரியராக வேண்டுமானால் எம்.எஸ்சி.க்கு இன்னும் இரண்டு. ஆக ஏழு ஆண்டுகள், அதற்குப் பிறகு போட்டித் தேர்வு. பி.எட். அரசுக் கல்லூரியில் கிடைக்காவிட்டால் சுயநிதிக் கல்லூரியில் கட்டணம். நாங்கள் ‘மூன்றாண்டுப் படிப்பு’ என்று எழுதியதன் உண்மையான நீளம் ஐந்து அல்லது ஏழு.

அன்றிரவு வீட்டுக்கு வந்து, என் மாணவர்கள் எழுதிய வேலைவாய்ப்புத் தேர்வுகளின் பழைய அறிவிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டேன். கட்டணத்திலிருந்து தொடங்கி வேலைக்குப் போவதை விட்டுவிட்டு, வேலை அறிவிக்கையில் ‘தகுதி’ என்று எழுதியிருக்கும் இடத்திலிருந்து தொடங்கிக் கல்லூரிக்கு வர வேண்டும் என்று தோன்றியது. பட்டத்தின் பெயர் என்னவென்று எழுதியிருக்கிறார்களோ, அந்தப் பெயரைத்தான் விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் மேசை ஏற்றுக்கொள்ளும். “இதுவும் செடிப் படிப்புதானே” என்ற வாதம் அங்கே எடுபடாது.

தமிழ்நாட்டில் தோட்டக்கலை அலுவலர் பணிக்குத் தோட்டக்கலைப் பட்டம் கேட்கிறார்கள். வேளாண்மை அலுவலருக்கு வேளாண்மைப் பட்டம். தாவரவியலில் முதல் வகுப்பு வாங்கியிருந்தாலும் இந்த இரண்டு இடத்திலும் நுழைய முடியாது. வங்கிகளில் வேளாண் கள அலுவலர் என்று ஒரு பணி உண்டு. அதற்கு வேளாண்மை, தோட்டக்கலை போன்றவற்றில் நான்காண்டுப் பட்டம் வேண்டும். ‘இப்போது தாவரவியல் படித்துக்கொள், பிறகு வேளாண்மையில் முதுகலைக்கு மாறிக்கொள்ளலாம்’ என்று சக ஆசிரியர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். உழவியலிலோ பழவியலிலோ முதுகலை சேர அந்த நான்காண்டுப் பட்டம்தான் வாசல். அப்படித் தவறாக அறிவுரை சொன்ன குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

தாவரவியலுக்கென்று திறக்கிற கதவுகளும் இருக்கின்றன, அவற்றையும் எழுதினேன். இந்திய வனப் பணித் தேர்வு எழுத, குறிப்பிட்ட அறிவியல் பாடங்களில் ஒன்றாவது பட்டத்தில் இருக்க வேண்டும். தாவரவியல் அந்தப் பட்டியலில் பெயரோடு இருக்கிறது. மாநில வனத்துறையின் வனத்தொழில் பழகுநர் தேர்வுக்கும் தாவரவியல் பட்டம் செல்லும். ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு உயிர் அறிவியல் நெட் தேர்வு இருக்கிறது. அதோடு, எங்கள் பக்கத்துக்கு மிகவும் பொருந்துகிற ஒன்று: பூச்சிமருந்துக் கடை. 2015-இல் விதியை மாற்றிய பிறகு, பூச்சிமருந்து விற்கும் உரிமத்துக்குப் படிப்புத் தகுதி கேட்கிறார்கள். வேளாண்மைப் பட்டம் அல்லது உயிர்வேதியியல், உயிர்த்தொழில்நுட்பம், உயிர் அறிவியல் பட்டம், அல்லது வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஆகியவற்றில் ஒன்றைக் கொண்ட அறிவியல் பட்டம் இருந்தால் போதும். ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளிக்காரர்கள் வாரத்துக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும் கடைகளைப் பார்த்தவர்களுக்கு அது சின்ன வாய்ப்பு இல்லை என்று தெரியும்.

நோட்டின் மூன்றாவது பக்கத்தில் இதையெல்லாம் அவள் கையாலேயே எழுதச் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு, “தோட்டக்கலை அலுவலர்தானே நம் ஊருக்கு மானியக் கன்று கொடுக்க வருகிறவர்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “அவர் ஒட்டுக் கட்டி நான் பார்த்ததில்லை” என்றாள். அப்பா சிரித்துவிட்டார்.

ஏழரை

முதல் பக்கத்துக் கணக்கு உடைந்தது இந்த இடத்தில்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்ததை எல்லோரும் அறிவார்கள். 2021-இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் சட்டமாக வந்ததை எங்கள் பக்கத்துப் பெற்றோர்களில் பாதிப் பேர் அறிய மாட்டார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று அதே ஆண்டு செப்டம்பரில் அறிவித்தார்கள். எனக்கு ஒதுக்கீடு தெரியும். விடுதிக் கட்டணமும் அதற்குள் அடக்கம் என்பது மனத்தில் பதியவில்லை. பள்ளி அலுவலகத்தில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையை மே மாதக் கடைசியில்தான் நின்று முழுதாகப் படித்தேன்.

அப்படியானால் தோட்டக்கலைப் பத்தியில் நாங்கள் எழுதியிருந்த பெரிய எண் அவளைப் பொறுத்தவரை பூஜ்யம். தினமும் போய்வரும் மூன்றாண்டுப் படிப்புக்கு ஆகும் செலவும், விடுதியில் தங்கிப் படிக்கும் நான்காண்டுப் படிப்புக்கு ஆகும் செலவும் ஏறத்தாழ ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன. ஒரே பட்டம், ஒரே கல்லூரி, ஒரே வகுப்பறை. ஆனால் மெட்ரிக் பள்ளியில் படித்த அவளுடைய சித்தப்பா மகளுக்கு அதன் விலை வேறு, இவளுக்கு வேறு. ‘மலிவான கல்லூரிகள்’ என்று பொதுவாகப் பட்டியல் போடுவதில் எனக்கு நம்பிக்கை போனது அன்றைக்குத்தான்.

இடம் கிடைக்க வேண்டுமே என்பது அடுத்த கவலை. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இளநிலைச் சேர்க்கைக்குத் தனியாக நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூவில் நான்கு பாடங்களின் மதிப்பெண்ணையும் பாதியாக்கிக் கூட்டினால் 200-க்கு ஒரு எண் வரும். அவளுக்கு 35.5, 39, 46, 44.5. மொத்தம் 165. பொதுப் பட்டியலை நம்பி இருக்க முடியாத எண். ஏழரைப் பட்டியலில் நம்பிக்கை வைக்கலாம். இயற்பியலில் இன்னும் பத்து மதிப்பெண் எடுத்திருந்தால் கணக்கில் ஐந்து கூடியிருக்கும். தாவரவியலில் மட்டும் முட்டி மோதவைத்து, இயற்பியல் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டது என் தவறு. இப்போது பதினொன்றாம் வகுப்பிலேயே இந்தக் கூட்டலைப் போட்டுக் காட்டிவிடுகிறேன்.

வண்ண அட்டை

ஜூன் முதல் வாரம் ஒருவர் பைக்கில் வந்தார். வழவழப்பான அட்டையில் பசுமைக்குடில், டிரோன், டிராக்டர். வெளிமாநிலத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகம், பி.எஸ்சி. வேளாண்மை, கலந்தாய்வு இல்லை, மதிப்பெண் தடை இல்லை, ‘நூறு சதவீதம் வேலை’. இன்றே முன்பணமும் மூலச் சான்றிதழ்களும் கொடுத்தால் கட்டணத்தில் ஒரு பகுதி தள்ளுபடி என்றாராம். அப்பா கொஞ்சம் ஆடிப்போய்விட்டார். இடம் நிச்சயம் என்ற சொல்லுக்கு அப்படி ஒரு கனம் இருக்கிறது. நான்கு லட்சம் வரை வங்கியில் அடமானம் இல்லாமல் கல்விக் கடன் கிடைக்கும் என்பதையும் அந்த ஆளே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் சொன்னதில் அது மட்டும் உண்மை.

வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் எல்லாமே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. பட்டம் தருவது யார்? இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.ஏ.ஆரின் அங்கீகாரம் அந்தப் படிப்புக்கு இன்றைய தேதியில் இருக்கிறதா? அது இல்லாத கல்லூரியில் படித்தவர்கள் ஐ.சி.ஏ.ஆர். நடத்தும் சேர்க்கை வழியே முதுகலைக்குப் போக முடியாது. செய்முறைக்கு நிலம் எவ்வளவு, அது கல்லூரி வளாகத்திலா வேறெங்கோவா? அட்டையின் பின்பக்கத்தில் இருந்த எண்ணுக்கு என் போனிலிருந்து அழைத்து இவற்றைக் கேட்டேன். அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள் என்றது அந்தக் குரல். நோட்டில் அந்தப் பத்தியையும் அடித்தோம்.

சான்றிதழ் விஷயத்தில் எனக்குச் சூடு பட்ட அனுபவம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன், கலந்தாய்வு வரை கையில் ஏதாவது இருக்கட்டும் என்று ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்து மூலச் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டான். கலந்தாய்வில் நல்ல இடம் வந்தது. கல்லூரி சான்றிதழைத் தரவில்லை. மூன்றாண்டுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றது. அவனுடைய அப்பாவும் நானும் அந்த அலுவலகத்து மரப்பலகையில் இரண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம். கடைசி நாள் கடந்துபோனது. மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக்கூடாது, சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்று மானியக் குழு 2018-இல் தெளிவாக அறிவித்திருக்கிறது. அந்தக் காகிதத்தின் நகல் ஒன்று இப்போது என் பையில் எப்போதும் இருக்கிறது.

பேசப்படாத பட்டயம்

நோட்டில் மிகக் குறைவாகப் பேசப்பட்ட பத்தி, என் கணிப்பில் பல பிள்ளைகளுக்கு மிகச் சரியானது. இரண்டாண்டுத் தோட்டக்கலைப் பட்டயம் அல்லது வேளாண்மைப் பட்டயம். வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்தும் பட்டயங்களைத் தமிழ்வழியிலேயே படிக்கலாம். உதவித் தோட்டக்கலை அலுவலர், உதவி வேளாண்மை அலுவலர் பணிகளுக்கு அந்தப் பட்டயம்தான் தகுதி. நாற்றுப் பண்ணை, ஓசூர் பக்கத்துக் கொய்மலர்ப் பசுமைக்குடில், சொட்டுநீர் நிறுவனங்கள் எல்லாம் இப்படி ஆட்களைத் தேடுகின்றன. மூன்றாண்டு தாவரவியலை ஆர்வம் இல்லாமல் முடித்துவிட்டுக் கடைசியில் ஜவுளிக்கடைக்குப் போகிற பிள்ளைகளை வரிசையாகப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலரை நான் பட்டயத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

அவளுடைய அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்: “டிகிரி என்று சொன்னால்தான் பெண் கேட்டு வருகிறவர்கள் மதிப்பார்கள்.” வாதாடிப் பார்த்தேன். அது என் வீடு இல்லை.

வரிசை போட்டது

கலை அறிவியல் கல்லூரிக்கும் வேளாண்மைக்கும் இரண்டிலும் விண்ணப்பித்தோம். இதில் காலம் ஒரு சிக்கல். அரசு கலைக் கல்லூரிகளின் கலந்தாய்வு முன்னதாகவே முடிந்து வகுப்பும் தொடங்கிவிடும். வேளாண்மை இழுத்துக்கொண்டு போகும். ஆகவே அவள் முதலில் அரசு கலைக் கல்லூரியில் தாவரவியல் சேர்ந்தாள். ஜூலையில் கொஞ்ச நாள் போகவும் செய்தாள். நுண்ணோக்கியில் பாசி பார்த்ததையும், ஆய்வகத்தில் உலர்தாவரத் தாள்கள் அடுக்கியிருப்பதையும் போனில் சொன்னாள். வத்தல்மலையில் எடுத்த செடி ஒன்று நாற்பது ஆண்டுக்கு முந்தைய தேதியோடு அப்படியே ஒட்டியிருக்கிறது என்று வியந்தாள். அதைக் கேட்டதும் என் பழைய ஆசை மறுபடி தலைதூக்கியது. இங்கேயே இருந்துவிடு கண்ணு என்று நாக்கு நுனி வரை வந்தது.

வேளாண்மைக் கலந்தாய்வில் விருப்ப வரிசை இணையத்தில் கொடுக்க வேண்டும். காவேரிப்பட்டணம் பக்கம், பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்கு அருகே ஜீனூரில் தோட்டக்கலைக் கல்லூரி வந்துவிட்டதே, அது கிடைத்துவிடும் என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார். நம் மாவட்டத்துக் கல்லூரி என்பதால் நம் பிள்ளைக்கு முன்னுரிமை கிடையாது. தரவரிசையும் ஒதுக்கீடும் எங்கே தள்ளுகின்றனவோ அங்கேதான். வடக்குக் கோடியில் இருப்பவளுக்குத் தூத்துக்குடி மாவட்டத்துக் கிள்ளிகுளமும் விழலாம். முதலில் தோட்டக்கலைக் கல்லூரிகளை எல்லாம் போட்டு, பிறகு வேளாண்மை உறுப்புக் கல்லூரிகளை, அதன் கீழே சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களைப் போட்டோம். பட்டுப்புழுவியலைச் சேர்ப்பதா என்று ஒரு மாலை முழுக்கப் பேச்சு. மல்பெரித் தோட்டமும் தருமபுரிப் பட்டுக்கூடு ஏல அங்காடியும் இருக்கிற பக்கம் இது, அதை ஒதுக்க வேண்டாம் என்றார் அப்பா. புழுவைத் தொட மாட்டேன் என்றாள் மகள். அவள் பக்கம்தான் ஜெயித்தது.

ஆங்கிலவழி என்பதில் அவளுக்குப் பயம் இருந்தது. கோவையில் தமிழ்வழிப் பிரிவும் தொடங்கியிருக்கிறார்கள், ஆனால் அங்கே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. சந்தையிலிருந்து வாங்கிவந்த பழைய ஆங்கில அகராதியை அப்பா அவளிடம் கொடுத்தார். அதில் ‘ஏ’ முதல் ‘எம்’ வரைதான் இருந்தது.

கிடைத்தது பெரியகுளம், தோட்டக்கலை, ஏழரை ஒதுக்கீட்டில். தேனி மாவட்டம். சேலம், திண்டுக்கல் தாண்டிப் போக வேண்டும். அப்பா இரண்டு நாள் பேசவே இல்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கே வந்து, “அந்தப் பக்கமும் மாந்தோப்பு நிறைய உண்டாமே, டீச்சர்?” என்று கேட்டார். உண்டு அண்ணா என்றேன்.

கலைக் கல்லூரியில் மாற்றுச் சான்றிதழ் கேட்கப் போனபோது நானும் கூடப் போனேன், பையில் 2018 காகிதத்தோடு. அதை எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. மறுநாள் காலையிலேயே கொடுத்துவிட்டார்கள். துறைத்தலைவர் மட்டும், “நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை எல்லாம் இப்படிக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறீர்களே” என்று என்னிடம் வருத்தப்பட்டார். அவரும் நானும் ஒரே படிப்பு. பதில் சொல்லாமல் வந்தேன்.

ஓர் ஆண்டுக்குப் பின்

2025 கோடை விடுமுறையில் நோட்டைத் திரும்ப எடுத்தோம். நடந்த செலவை அவள் மாதவாரியாக எழுதி வைத்திருந்தாள். கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் கேட்கப்படவில்லை. புதுமைப் பெண் பணம் வந்தது. ஆனால் வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைத்ததில் பிழை இருந்ததால் முதல் மாதங்களுக்குத் தாமதமாக வந்தது. மெத்தை, வாளி, வெள்ளைக் கோட்டு, வயல் செருப்பு, பதிவேடுகள், பூச்சிகளைக் குத்தி வைக்கும் பெட்டி என்று தொடக்க மாதம் நிறையவே போனது. நாங்கள் கணக்கில் எடுக்காத பெரிய தொகை பஸ் செலவு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்துபோகும்போது அரசு பஸ்ஸில் இடம் கிடைக்காமல் தனியார் பஸ்ஸில் ஏற வேண்டியதாகி, சாதாரண நாளைவிடக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறாள். ஆங்கிலத்தில் முதல் பருவத்தில் தடுமாறி, இரண்டாவதில் சமாளித்திருக்கிறாள். மண்ணியல் பாடம் பிடிக்கவில்லை என்கிறாள்.

எல்லாம் கூட்டியும், தினமும் போய்வந்து தாவரவியல் படித்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடச் சில ஆயிரங்கள்தான் கூடுதல். அடிக்கோடு போட்டு நோட்டை மூடப் போனேன். அப்பா கத்தியைக் கீழே வைத்தார். அன்றைக்கு நாடா சுற்றுவதற்குப் பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த பெண் ஒருத்தி அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். கைப்பழக்கம் போதாமல் முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது.

“போன ஆடியிலிருந்து இந்தப் பிள்ளைக்குத் தினக்கூலி கொடுக்கிறேன், டீச்சர். மகள் இருந்தவரை அந்தச் செலவு கிடையாது. அதை எந்தப் பத்தியில் எழுதுவது?”

தோட்டக்கலைப் பத்தியில் இடம் இல்லை. பின் அட்டையின் உள்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.